எபிசோட் 37: "டேங்க் கிளீனர்" என்று ஒரு மீன் கிடையாது! வீட்டுத் தொட்டியில் கெளுத்தி வளர்ப்பு

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். படிக்க வசதியாக உபதலைப்புகள் சேர்த்திருக்கிறோம்.)

கப்பி மீன் எபிசோட் போட்டதுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "ப்ரோ, தொட்டி கண்ணாடி பச்சை பச்சையா ஆகுது. ஒரு சக்கர் வாங்கி விட்டுடவா?"

ஒரு வரில பதில் சொல்லணும்னா, வேண்டாம். ஆனா ஏன் வேண்டாம்னு சொல்ல ஒரு முழு எபிசோட் வேணும். அதுல நான் ஒரு தப்பையும் ஒத்துக்கணும். அது நடுவுல வரும், கேளுங்க.

முதல்ல, கெளுத்தின்னா எது? மீசை வச்ச மீன் குடும்பம்னு வச்சுக்கோங்க. எங்க திருத்தணி பக்கம் பாதி வீட்ல தெலுங்கும் பேசுவாங்க, அவங்க ஜெல்லன்னு சொல்வாங்க. நம்ம ஏரில கிடைக்கிற கெளுத்தி, குழம்புக்குப் போற தேளி, கடையில "சக்கர்"னு விக்கிற கறுப்பு மீன், "கோரி"ன்னு விக்கிற குட்டி மீன் எல்லாமே ஒரே பெரிய கூட்டம்தான். உலகத்துல 3,000-க்கும் மேல வகை இருக்கு. விரல் நீளம் கூட வராததும் இருக்கு, ஆள் உயரத்தைத் தாண்டுறதும் இருக்கு. அதனால "கெளுத்தி வளர்க்கலாமா?"ங்கிறது "வண்டி ஓட்டலாமா?"ன்னு கேக்குற மாதிரி. எந்த வண்டி, எந்த ரோடுன்னு தெரியாம பதில் சொல்ல முடியாது.

216 மடங்கு கணக்கு

கடையில சக்கர்னு குடுக்கிறது பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ்ங்கிற தென் அமெரிக்க மீன். அமேசான் ஆத்துப் பக்கத்து ஆளு. வாங்கும்போது 6 சென்டிமீட்டர் இருக்கும். கண்ணாடில வாயை ஒட்டிக்கிட்டு பாசியைச் சுரண்டும், பார்க்கவே அழகா இருக்கும். மூணு நாலு வருஷத்துல ஒரு அடியைத் தாண்டிடும். அதுக்கு மேலயும் வளரும்.

இப்ப ஒரு சின்ன கணக்கு. 6 சென்டிமீட்டர் மீன் 36 சென்டிமீட்டர் ஆகுதுன்னா நீளம் 6 மடங்கு. ஆனா மீன் நீளத்துல மட்டும் வளராது. அகலமும் 6 மடங்கு, உயரமும் 6 மடங்கு. ஆறு தடவை ஆறு தடவை ஆறு, 216. அதாவது எடை ஏறக்குறைய 216 மடங்கு. நீங்க ஒரு மீன் வாங்கினீங்க. அது சாப்பிடுறதும் கழிக்கிறதும் மட்டும் ஒரு கூட்டத்துக்கு ஆயிடுச்சு.

நம்ம வீடுகள்ல சாதாரணமா இருக்கிறது 2 அடித் தொட்டி. 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம். பெருக்கிப் பாத்தா 54 லிட்டர். மணல், கல் எல்லாம் போட்டா 45 லிட்டர் தண்ணி நிக்கும். 36 சென்டிமீட்டர் மீன் 30 சென்டிமீட்டர் அகலத்துல எப்படித் திரும்பும்? உடம்பை மடிச்சுத்தான் திரும்பணும். வாழ்நாள் முழுக்க லிஃப்டுக்குள்ள குடியிருக்கிற மாதிரி.

அடுத்து "கிளீனர்"ங்கிற பேரு. குட்டியா இருக்கும்போது பாசி தின்னும், அது உண்மை. ஆனா தின்னது எங்க போகும்? நூல் நூலா கழிவா அதே தொட்டிலதான் விழும். பாசி வர்றதுக்குக் காரணம் தண்ணில இருக்கிற சத்தும் அதிக வெளிச்சமும். சக்கர் அந்தச் சத்தைக் குறைக்காது, ஏத்தும். தொட்டி பச்சையாகுதுன்னா லைட்டை 6 மணி நேரத்துக்குக் குறைங்க, தீனியைக் குறைங்க, ஜன்னல் வெயில் நேரா விழாம பாத்துக்கோங்க, வாராவாரம் தண்ணி மாத்துங்க. பாதிக்கு மேல பிரச்சினை அங்கேயே முடிஞ்சிடும்.

இன்னொரு பேரு மாயமும் இருக்கு. கடையில "ஷார்க்"னு வெள்ளி நிறத்துல ஒரு மீன் கூட்டமா நீந்திட்டு இருக்கும். சுறாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. மீகாங் ஆத்துக் கெளுத்தி, பங்காசியஸ். ஹோட்டல்ல "பாசா ஃபில்லெட்"னு சாப்பிடுறீங்களே, பெரும்பாலும் அதே மீன்தான். ஒரு மீட்டர் தாண்டி வளரும். ரெட்டெயில் கேட்ஃபிஷ்ஷும் அப்படித்தான். வீட்டுத் தொட்டிக்கு ரெண்டுமே ஆகாது.

நான் பண்ண தப்பு

காலேஜ் ரெண்டாவது வருஷம். ஞாயித்துக்கிழமை காலைல திருத்தணியில ரயில் ஏறி வில்லிவாக்கத்துல இறங்கினா, கொளத்தூர் மீன் கடைகள் பக்கத்துலதான். வண்ண மீனுக்கு அதுதான் நமக்கெல்லாம் தலைநகரம். ஒரு கடையில "தொட்டி எப்பவும் பளிச்னு இருக்கும்"னு சொல்லி ஒரு சக்கர் குடுத்தாங்க. எவ்ளோ பெருசாகும்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல.

ரெண்டரை வருஷத்துல முழங்கை நீளம் ஆயிடுச்சு. ராத்திரில தொட்டி மூடியை முட்டும். செடியெல்லாம் பிடுங்கிப் போடும். எனக்கு வேலை கிடைச்சு சென்னை போற நேரம். பக்கத்து வீட்டு அக்கா, "பாவம்டா, அடைச்சு வச்சிருக்க. ஏரில விட்டா புண்ணியம்"னு சொன்னாங்க. எனக்கும் அது நியாயமாப் பட்டுச்சு. பக்கெட்ல எடுத்துட்டுப் போய் ஒரு ஏரில விட்டேன். அது நீந்திப் போனதைப் பாத்துட்டு சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன்.

அது புண்ணியம் இல்லன்னு புரிய எனக்குச் சில வருஷம் ஆச்சு. போன வருஷம் ஊருக்கு வந்தப்ப, அதே ஏரிக்கரைல வலை காயவச்சுட்டு இருந்த ஒரு பெரியவர்கிட்ட பேச்சுக் குடுத்தேன். வலையில அங்கங்க கிழிசல். "இது என்ன மீனுன்னே தெரியல தம்பி. முள்ளும் ஓடுமா இருக்கு. வலையை அறுத்துதான் எடுக்க வேண்டியிருக்கு. யாரும் வாங்கவும் மாட்டாங்க"ன்னு சொல்லி, கரைல கிடந்த ஒண்ணைக் காட்டினாரு. சக்கர்.

நான் விட்ட ஒரு மீன் தனியா குட்டி போட்டிருக்காது. ஜோடி வேணும். அது எனக்கும் தெரியும். ஆனா "நான் ஒண்ணுதானே விடுறேன்"னு என்னை மாதிரி எத்தனை பேர் நினைச்சிருந்தா அந்த ஏரில ஜோடி சேர்ந்திருக்கும்? அந்தப் பெரியவர்கிட்ட நான் எதுவும் சொல்லல. அதான் இன்னைக்கு உங்ககிட்ட சொல்றேன்.

ஏரிக்குள்ள அது என்ன பண்ணும்?

இந்த மீன் இவ்ளோ சுலபமா பரவ மூணு காரணம்.

ஒண்ணு, மூச்சு. தண்ணில ஆக்சிஜன் குறைஞ்சா மேல வந்து காத்தை விழுங்கி, வயித்து வழியாவே ஆக்சிஜனை எடுத்துக்கும். சாக்கடை கலந்த தண்ணியிலயும் பிழைக்கும். ஈரம் இருந்தா தண்ணிக்கு வெளியவே மணிக்கணக்கா உயிரோட இருக்கும்.

ரெண்டு, கவசம். உடம்பு முழுக்க எலும்புத் தகடு. முதுகுலயும் பக்கவாட்டுலயும் உள்ள முள்ளை விரைச்சுப் பூட்டிக்கும். நம்ம ஊர் விராலோ கொக்கோ அதை விழுங்குறது கஷ்டம். வலை கிழியுறதும் இதனாலதான்.

மூணு, வளை. ஆண் மீன் கரையில, தண்ணி மட்டத்துக்குக் கீழ நீளமா துளை போடும். பெண் மீன் அதுக்குள்ள நூத்துக்கணக்குல முட்டை போடும், ஆண் காவல் காக்கும். அதனால குஞ்சு நிறைய தப்பிச்சிடும். மண் கரை உள்ள ஏரில வருஷா வருஷம் இப்படித் துளை விழுந்தா கரை பலவீனமாகும்.

இது கற்பனை இல்ல. மெக்சிகோவுல இன்ஃபியர்னில்லோங்கிற நீர்த்தேக்கத்துல திலாப்பியா மீன்பிடி பெரிய அளவுல நடந்துட்டு இருந்துச்சு. சக்கர் பெருகினதும் வலையில வர்றதுல பெரும்பகுதி அதுவாவே ஆகி, மீனவங்க பிழைப்பே ஆட்டம் கண்டுச்சு. பக்கத்துல திருவனந்தபுரத்துல ஆமையிழஞ்சான் தோட்டுல இந்த மீன் நிலையா குடியேறினதை ஆய்வாளர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. ஆந்திராவுல "டெவில் ஃபிஷ்"னு பேரே வச்சுட்டாங்க. ஐதராபாத்துல இருக்கிற சிசிஎம்பி விஞ்ஞானிகள், தண்ணியில மிதக்கிற டிஎன்ஏவை வச்சே ஒரு ஏரில இந்த மீன் இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்கிற முறையை உருவாக்கியிருக்காங்க. ஆப்பிரிக்கக் கெளுத்தி கதை உங்களுக்கே தெரியும். 2000-லயே மத்திய அரசு வளர்க்கத் தடை போட்டுச்சு, ஆனா இன்னைக்கும் அங்கங்க குட்டையில பிடிபட்டு அழிக்கிறதா செய்தி வருது. உள்ள வந்ததைத் திரும்ப வெளிய எடுக்கிறது அவ்ளோ கஷ்டம்.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. திருத்தணி ஓரமா ஓடுற நந்தியாறு கொசஸ்தலையாத்துல சேருது. கொசஸ்தலையாறு பூண்டிக்குப் போகுது. 1944-ல கட்டின பூண்டி ஏரில இருந்துதான் சென்னைக்குக் குடிதண்ணி. மழை வந்து ஏரி நிரம்பிக் கலங்கல் வழியா வழிஞ்சா, மீனுக்கு அது ஒரு நெடுஞ்சாலை. இங்க நாம பக்கெட்டைக் கவிழ்க்கிறது இந்த ஒரு ஏரியோட நிக்காது.

கோயில் குளமும் அப்படித்தான். ஆடிக் கிருத்திகைக்கு சரவணப் பொய்கையில தெப்பம் பாக்க எவ்ளோ ஜனம் வரும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். குளத்து மீனுக்குப் பொரி போடுறது பழக்கம், போடுங்க. தொட்டி மீனைக் கொண்டு போய் விடாதீங்க. முருகன் கணக்குல அது புண்ணியமா வராது.

அப்ப எதை வளர்க்கலாம்?

கெளுத்தி வேண்டாம்னு சொல்ல வரல. சரியான கெளுத்தியைத் தேர்ந்தெடுங்கன்னு சொல்றேன். 2 அடி, 3 அடித் தொட்டிக்கு என் தேர்வு ரெண்டு.

முதல் ஆள், பிரிஸ்டில்நோஸ். இதுவும் சக்கர் சொந்தம்தான், ஆனா 12 சென்டிமீட்டரோட நின்னுடும். ஆணுக்கு மூஞ்சியில கிளை கிளையா முளைச்சிருக்கும், அதான் அடையாளம். பாசியும் நல்லா சுரண்டும். 2 அடித் தொட்டிக்கு ஒண்ணு போதும். ஒளிஞ்சுக்க ஒரு சின்ன மண்சட்டியை ஓரம் உடைச்சுக் கவுத்து வைங்க, ஒரு துண்டு டிரிஃப்ட்வுட் போடுங்க. வாரத்துல ரெண்டு நாள் வெள்ளரித் துண்டு, சுரைக்காய்த் துண்டு, வெந்நீர்ல போட்டெடுத்த கீரை. காலைல மிச்சத்தை எடுத்துடணும்.

ரெண்டாவது ஆள், கோரிடோராஸ். கடைக்காரர் பாஷைல கோரி. 5, 6 சென்டிமீட்டர். கூட்டமா வாழ்ற மீன், ஒண்ணு ரெண்டு வாங்காதீங்க, குறைஞ்சது 6. தனியா விட்டா மூலையில பயந்து உக்காந்திருக்கும். கூட்டமா விட்டா நாள் முழுக்க மண்ணைக் கிளறிக்கிட்டு, நடுவுல சர்ருனு மேல போய் ஒரு வாய் காத்தை விழுங்கிட்டு வரும். அதைப் பாத்துப் பயப்படாதீங்க, அதுக்குக் குடல் வழியா மூச்சு விடத் தெரியும். ஆனா நிமிஷத்துக்கு நிமிஷம் மேல போனா தண்ணில ஆக்சிஜன் இல்லன்னு அர்த்தம்.

கோரிக்கு மீசைதான் கண்ணு, மூக்கு, நாக்கு எல்லாம். கூர்மையான கலர் ஜல்லியும் அழுக்குத் தரையும் சேர்ந்தா மீசை தேஞ்சு புண்ணாகும். மெல்லிசான ஆத்துமணலை நல்லா அலசி, ஒரு அங்குலம் மட்டும் போடுங்க.

"கீழ விழுற மிச்சத்தைத் தின்னுக்கும்"னு நினைச்சுப் பட்டினி போடாதீங்க. மேல நீந்துற மீன் எதையும் மிச்சம் வைக்காது. லைட் அணைச்சப்புறம், மூழ்குற மாத்திரைத் தீனியா போடணும்.

திருத்தணி வெயில்ல எப்படிக் காப்பாத்துறது?

புத்தகத்துல ஹீட்டர் வாங்குன்னு போட்டிருக்கும். நம்ம ஊருக்கு அது சிரிப்பு. வெயில் பட்டியல்ல மே மாசம் டிவில அடிக்கடி வர்ற பேரு திருத்தணி. 40 டிகிரி தாண்டுறது நமக்குப் புதுசில்ல. நமக்குப் பிரச்சினை சூடுதான்.

20 டிகிரி தண்ணி லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை வச்சுக்கும். 30 டிகிரில ஏழரைதான். சூடு ஏறினா மீனுக்கு மூச்சு அதிகம் வேணும், தண்ணில இருக்கிறதோ கம்மி. ரெண்டு பக்கமும் அடி. அதனால:

கோரிலயே வகை பாத்து வாங்குங்க. பாண்டா, பெப்பர்டு வகைகள் குளிர் தண்ணி விரும்பும், இங்க கோடையைத் தாங்காது. ஸ்டெர்பை கோரி 28 டிகிரி வரை நல்லா இருக்கும். பிரான்ஸ் கோரியும் பரவாயில்ல.

தொட்டி மூடியைத் திறந்து, வலை போட்டு, ஒரு சின்ன ஃபேனைத் தண்ணி மேல வீசுற மாதிரி வைங்க. மண்பானைத் தண்ணி குளிர்ற அதே தத்துவம்தான். ரெண்டு மூணு டிகிரி குறையும். ஆவியாகிற தண்ணிக்குப் பதிலா ஆர்ஓ தண்ணி ஊத்துங்க. ஏன்னா போறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே நிக்கும். போர் தண்ணியே திரும்பத் திரும்ப ஊத்தினா உப்பு ஏறிக்கிட்டே போகும்.

மதியம் மாடி டேங்க் தண்ணியை நேரா பிடிச்சு ஊத்தாதீங்க, அது கிட்டத்தட்ட வெந்நீர். விடியக்காலைல பிடிங்க, இல்ல முந்தின ராத்திரியே பக்கெட்ல பிடிச்சு வைங்க. நகராட்சித் தண்ணின்னா குளோரின் நீக்குற சொட்டு மருந்து கட்டாயம்.

கரண்ட் போனா ஓடுற மாதிரி பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வைங்க. கரண்ட் போனா மூச்சு முட்டுறது மீனுக்கு மட்டும் இல்ல, ஃபில்டர்ல இருக்கிற பாக்டீரியாவுக்கும்தான்.

தொட்டியோட முதுகெலும்பு: பாக்டீரியா

மீன் கழிவுல அம்மோனியா வரும், அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும், அது ஓரளவு தாங்கலாம். அதைத்தான் நாம வாராவாரம் கால்வாசித் தண்ணி மாத்தி வெளிய எடுக்கிறோம். இந்தப் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சுல குடியேற 4-ல இருந்து 6 வாரம் ஆகும். "ஞாயித்துக்கிழமை தொட்டியும் மீனும் ஒண்ணா வாங்கினேன், வியாழக்கிழமை எல்லாம் போச்சு"ன்னு வர்ற கதைகளுக்கு முக்காவாசிக் காரணம் இதுதான்.

நம்ம பக்கம் போர் தண்ணி பெரும்பாலும் கடினத் தண்ணி, பிஹெச் 7-க்கு மேல. பிஹெச்சும் சூடும் ஏறினா அதே அளவு அம்மோனியா இன்னும் அதிக விஷமாகும். அதனால நாம தீனி விஷயத்துல கூடுதல் கையடக்கமா இருக்கணும். ஸ்பாஞ்சைக் குழாயடில கழுவாதீங்க. தொட்டில இருந்து எடுத்த தண்ணிலயே பிழிஞ்சு போடுங்க. குழாய்ல கழுவினா ஒரே நிமிஷத்துல புரொடக்‌ஷன் சர்வரை ஃபார்மட் பண்ணின மாதிரி.

மருந்து விஷயம் ஒண்ணு. கெளுத்திக்கு மத்த மீன் மாதிரி செதில் கிடையாது. உப்பு, மருந்து ரெண்டுமே சீக்கிரம் பாதிக்கும். வெள்ளைப் புள்ளி நோய்க்கு மருந்து போடும்போது பாதி அளவுல ஆரம்பிங்க, செம்பு கலந்த மருந்தைத் தவிருங்க. பிடிக்கும்போது வலை வேண்டாம், முள் மாட்டிக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பால அப்படியே மொண்டு எடுங்க. வெறும் கையில பிடிச்சா குத்தும்.

ஏற்கனவே பெரிய சக்கர் இருக்கா?

திட்ட மாட்டேன், நானும் அங்கதான் இருந்தேன். வழி இருக்கு. வாங்கின கடையில திருப்பி எடுப்பாங்களான்னு கேளுங்க, சிலர் எடுப்பாங்க. மீன் வளர்ப்பு வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்கள்ல போடுங்க, பெரிய தொட்டி வச்சிருக்கிறவங்க இருக்காங்க. எதுவுமே அமையலன்னா, கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணில மயக்கி, வலியில்லாம முடிக்கிற முறை இருக்கு. கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா ஒரு ஏரியையே கெடுக்கிறதை விட அது பரவாயில்லன்னு நான் நினைக்கிறேன். கடைசியா ஒண்ணு: ஏரி, ஆறு, குளம், கிணறு, கால்வாய் எதுலயும் விடாதீங்க. தொட்டிச் செடியையும் சேத்துத்தான் சொல்றேன்.

அந்த முதல் மீனுக்கு அப்புறமும் எங்க வீட்ல ஒரு சக்கர் வந்துச்சு. ஊரைக் காலி பண்ணிட்டுப் போன ஒருத்தர் அம்மாகிட்ட குடுத்துட்டுப் போனது. அதுவும் ஒரு அடி ஆயிடுச்சு. இந்தத் தடவையும் அம்மா, "குளத்துல விட்டுட்டு வந்துடேன்பா"ன்னாங்க. உக்காந்து அந்த வலைக்காரப் பெரியவர் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப நல்ல இடமா பாரு"ன்னாங்க.

ஒரு மாசம் தேடி, ஆவடில 6 அடித் தொட்டி வச்சிருக்கிற ஒருத்தர் கிடைச்சாரு. மூடி போட்ட பக்கெட்ல, மூடில ஓட்டை போட்டு, காலை ரயில்ல எடுத்துட்டுப் போனேன். எதிர் சீட்டுல ஒரு பாட்டி எட்டிப் பாத்துட்டு, "என்னடா இது, முதலைக் குட்டியா?"ன்னாங்க. "மீன்தான் பாட்டி. கொஞ்சம் பெருசாயிடுச்சு"ன்னேன்.

இப்ப எங்க தொட்டில ஆறு ஸ்டெர்பை கோரி, ஒரு பிரிஸ்டில்நோஸ். கண்ணாடிப் பாசியை வாரத்துக்கு ஒருமுறை அம்மா பழைய ஏடிஎம் கார்டை வச்சுச் சுரண்டுறாங்க. எங்க வீட்டு டேங்க் கிளீனர் அவங்கதான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. தொட்டி எத்தனை லிட்டர்னு மட்டும் மறக்காம சொல்லுங்க, அது தெரியாம என்னால பதில் சொல்ல முடியாது.